கல் காயக் கூடாது

பெரம்பூர் வீட்டைக் காலி செய்து மேடவாக்கத்துக்குப் போகிறோம் என்று முடிவானதும் வீட்டில் எல்லாரும் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் கூடத்து மூலையில் இருக்கும் நாலடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக ஓடும் மரைன் டேங்க். ஒரு ஜோடி கோமாளி மீன், அவை குடியிருக்கும் கடல் சாமந்தி, பாசி மேயும் பிளென்னி ஒன்று, உடம்பு முழுக்க மஞ்சளான கோபி மீன் ஒன்று, அந்தக் கோபியோடு ஒரே வளையில் வாழும் பிஸ்டல் இறால், இரண்டு கிளீனர் இறால்கள், நத்தைகள், துறவி நண்டுகள். இத்தனை பேரையும் 25 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"வித்துட்டுப் போயிடேன்மா, அங்க போய் புதுசா வச்சுக்கலாம்" என்று உறவில் ஒருவர் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் கண்ணாடியைத்தான் புதுசாக வாங்கலாம். அதற்குள் ஊறிப்போன ஆறு வருஷம் விலைக்குக் கிடைக்காது.

தொட்டி மாற்றுவது எனக்கு முதல் தடவை அல்ல. பத்து வருஷத்துக்கு முன் அயனாவரத்திலிருந்து பெரம்பூருக்கு வந்தபோது என்னிடம் ஒரு மூன்றடித் தொட்டி இருந்தது. நாலு கிலோமீட்டர்கூட இருக்காது தூரம். "பழைய தண்ணியில ஒரு சொட்டுகூட விடாதீங்க மேடம், தண்ணி போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று ஒரு கடையில் சொன்னார்கள், நம்பினேன். தண்ணீர் முழுவதையும் கேன் கேனாகப் பிடித்து மூடி வைத்தேன். தொட்டிக்குள் இருந்த கல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பில் அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு வண்டியில் ஏற்றினேன். ஏப்ரல் மாதம். வண்டி வரத் தாமதம், சாமான் இறக்கத் தாமதம். கல் ஆறு மணி நேரம் வெக்கையில் கிடந்தது. மணலை அலசாமல் அப்படியே கொட்டினேன். மறுநாள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆறு மீனில் நாலு செத்துக் கிடந்தன. மீதி இரண்டும் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அமோனியா பார்க்கும் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அந்தப் பச்சை இன்னும் கண்ணில் நிற்கிறது.

தண்ணீரைக் காப்பாற்றிவிட்டுக் கல்லைச் சாகவிட்டேன். வீடு மாற்றப் போகிற ஒருவராவது இதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியே விடுகிறது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அந்த அமோனியாவின் விஷம் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே கூடுதல். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது சொற்பம். கல்லின் துளைகளில், மணல் துகளில், சம்ப் என்னும் வடிகட்டும் தொட்டியில் போட்டிருக்கும் பஞ்சில், குழாயின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நல்ல துளையுள்ள கல்லின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே தள்ளும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அதனால் தொட்டியின் ஈரலும் சிறுநீரகமும் கல்தான். கல் காய்ந்தால் பாக்டீரியா மட்டும் சாவதில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் கடற்பஞ்சு, புழு, சின்னச் சின்ன இறால் வகைகள் எல்லாம் செத்து அழுகி, அவையே அமோனியாவாகின்றன. அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கூட்டமோ அப்போது உயிரோடு இல்லை. என் மூன்றாம் நாள் அப்படித்தான் வந்தது.

என் கற்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவை கடலில் பெயர்த்தவை அல்ல. தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி மன்னார் வளைகுடாவின் தீவுகளையே கரைத்திருக்கிறோம். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. "ஒரு துண்டு இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்று யாராவது காதருகே வந்து கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் சிமெண்டும் நொறுக்கிய கிளிஞ்சலும் கல் உப்பும் கலந்து வார்த்தேன். உப்பு கரைந்தபின் அந்த இடமெல்லாம் துளையாகும். வார்த்த கற்களை இரண்டு மாதத்துக்கு மேல் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சிமெண்டின் காரம் இறங்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். இன்று அதன் மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப்பாசி படர்ந்திருக்கிறது. கோமாளி மீன்களும் கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்தவை. நம் ஊரிலேயே பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆய்வாளர்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

புது வீடு மூன்றாம் மாடி. தொட்டியின் கண்ணாடி 85 கிலோ, அதில் நிற்கும் தண்ணீர் 340 கிலோ, கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவை நெருங்கும். இத்தனை எடையும் நாலுக்கு இரண்டடி இடத்தில் இறங்கும். ஹாலில் எங்கே வைத்தால் அழகு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டடத்தின் பொறியாளர் வந்து, தரைக்கு அடியில் பீம் எங்கே ஓடுகிறது என்று காட்டி, அதற்கு மேல் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னார். ஜன்னல் வெயில் படாத இடமாகவும் அது அமைந்தது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்டாண்டின் காலடியில் தகடு வைத்துச் சரிசெய்தோம். தொட்டி சாய்ந்து நின்றால் தண்ணீரின் பாரம் ஒரே ஒட்டில் விழுந்துகொண்டிருக்கும். என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது.

நாள் குறிப்பது எளிதாக முடிந்தது. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், தை பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்றார் அத்தை. எனக்கும் அதுதான் வசதி. சென்னையில் மீனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போக ஜனவரியைவிட நல்ல மாதம் இல்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். உப்பு நீரில் அது முதலிலேயே நன்னீரைவிடக் குறைவு.

அத்தை இன்னொன்றும் சொன்னார். "புது வீட்டுக்குள்ள முதல்ல சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள். அப்புறம்தான் மத்ததெல்லாம்." பால் காய்ச்சிய அன்றே இரண்டு நீல டிரம்களைக் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தை அங்கே மாட்டி, இரண்டு நாளில் 220 லிட்டர் வடித்தெடுத்தேன். அதில் எட்டரைக் கிலோ மரைன் சால்ட் போட்டு, ஒரு சின்ன பம்பை ஓடவிட்டேன். இது சமையல் உப்பு இல்லை. லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் கால்சியமும் 1,300 அளவில் மெக்னீசியமும் இதில் வந்துவிடும். கலக்கின உடனே ஊற்றக் கூடாது. குறைந்தது ஒரு நாள் சுழன்றால்தான் நீர் சமனாகும். அத்தை டிரம்மில் விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மெரினாவேதான்" என்றார். நான் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 1.025. பழைய தொட்டியிலும் அதே எண். "கடல் பக்கத்துலயே இருக்கு, அங்கேயே பிடிச்சுக்கலாமே" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஊரின் கழிவும் மழைத்தண்ணீரும் வந்து கலக்கும் கரையோர நீரை என் தொட்டியில் விட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினேன். வயிறு காலியாக இருந்தால் பெட்டித் தண்ணீர் அழுக்காகாது. கல் எது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

காலை நாலு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் வேலை, எதையும் கலக்காமல் மேல் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்குவது. பத்து கேன், ஒவ்வொன்றிலும் 20 லிட்டர். என் மகன் கேன் நிறைய நிறையக் குழாயை மடக்கிப் பிடித்தான். அடுத்தது கல். காசிமேட்டில் மீன் வைக்கும் பெரிய தெர்மாகோல் பெட்டிகளை முன்பே வாங்கிக் கழுவிக் காய வைத்திருந்தோம். அவற்றில் முக்கால்வாசி தொட்டித் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்து நேராக உள்ளே இறக்கினோம். வெளிக்காற்றில் ஒரு கல் இருந்த நேரம் மூன்று நான்கு வினாடிதான். பெட்டிக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப். மீனுக்குக் காற்று வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், கல்லுக்கும் வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் முள்புழுவின் ரோமம் குத்தினால் இரண்டு நாள் எரியும்.

சாமந்தி உட்கார்ந்திருந்த கல்லை அப்படியே அதோடு சேர்த்து எடுத்தேன். அதன் பாதத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. கிழிந்தால் அழுகிவிடும். தண்ணீர் இறங்க இறங்க அது சுருங்கி, கைப்பிடி அளவு ஈரத்துணி மாதிரி கல்லோடு ஒட்டிக்கொண்டது. ஜோடியில் பெரியது பெண் கோமாளி. நான் கல்லைத் தொட்டதும் பாய்ந்து வந்து மணிக்கட்டில் கடித்தது. மறுபடி கடித்தது. ஆண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இவற்றில் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். பெண் இல்லாமல் போனால் இந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். ஆனால் இந்தப் பெண் இருக்கும்வரை வீட்டுக்குக் காவல் அவள்தான்.

கல் எல்லாம் போனபின் மீன் பிடிப்பது சிரமமே இல்லை. ஒளிய இடம் இல்லாமல் மூலையில் நிற்கும். வலையைவிடச் சின்ன டப்பாவால் முகந்தெடுப்பது நல்லது, செதிலும் மேல்பூச்சும் உரியாது. பிளென்னியைக் காணவில்லை. ஒவ்வொரு பெட்டியாக டார்ச் அடித்துத் தேடினோம். இரண்டாம் கல்லின் துளைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கல்லை வெளியே வைத்திருந்தால் அது உள்ளேயே காய்ந்திருக்கும்.

பிஸ்டல் இறாலும் இல்லை.

அந்த இறாலுக்குக் கண்பார்வை மிகவும் மங்கல். வளையைத் தோண்டுவது, மணலை வாரி வெளியே தள்ளுவது எல்லாம் அது. வாசலில் காவல் நிற்பது கோபி. இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், இறால் உள்ளே போய்விடும். கோபியைப் பிடித்துப் பெட்டியில் விட்டாயிற்று. அதன் துணை மணலுக்குள் இருக்கிறதா, ஏதாவது கல்லுக்குள் போய்விட்டதா தெரியவில்லை.

மணலை வாரி எறிய முடியாமல் நானும் மகனும் தொட்டிக்குள் தலையை விட்டுக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சல்லடையில் அலசினோம். கண்ணாடியோரம் அடி மணல் கறுத்திருந்தது. கிளறியதும் அழுகிய முட்டை வாடை. ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆறு வருஷ எச்சமும் தீனி மிச்சமும் தங்கின இடம் அது. பத்து வருஷத்துக்கு முன் இதைத்தான் அப்படியே மீனின் தலையில் கொட்டினேன். மேல்மணலில் மட்டும் இரண்டு கிலோ அளவு நல்லதாக எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி வைத்துக்கொண்டேன். மீதியை விட்டுவிட்டேன். புதுமணல் கழுவித் தயாராக இருந்தது. 45 நிமிஷம் தேடினோம். இறால் கிடைக்கவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை, கடைசிக் கைப்பிடியை மறுபடியும் அலசிப் பார்த்தான்.

மணலோடு தொட்டியைத் தூக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அடிக்கண்ணாடி வளைந்து சிலிக்கான் ஒட்டு இழுபடும். அன்றைக்குக் கசியாது, ஒரு மாதம் கழித்து நடுராத்திரியில் கசியும். காலித் தொட்டியை நாலு பேர் கயிறு போட்டுத் தூக்கி, கம்பளி சுற்றி, குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். கொளத்தூர் மீன் கடைப் பையன் ஒருவன் எல்லா மீனையும் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். நீண்ட தூரத்துக்கு அதுதான் வழி. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டின பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கும். அதனால் அமோனியா விஷம் குறைந்த வடிவத்தில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அந்த அமோனியாவுக்கு விஷம் ஏறும். கட்டின பையில் வெகுநேரம் வந்த மீனைத் திறந்த பையிலேயே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது அதனால்தான் ஆபத்து. எங்களுடையது சில மணி நேரப் பயணம். மூடியில் ஓட்டை போட்ட பெட்டி, ஏர் பம்ப், சொந்தத் தண்ணீர் போதும்.

வண்டி ஓட்டி வந்த தம்பி, பெட்டிகளிலிருந்து குமிழிச் சத்தம் வருவதைக் கேட்டு, "உள்ள உயிரு இருக்காக்கா?" என்றார். இருக்கு என்றேன். மேடவாக்கம் வரைக்கும் ஒரு ஸ்பீட் பிரேக்கரில்கூட வண்டி குதிக்கவில்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் ஷீட், அதன் மேல் தொட்டி, மறுபடி ரசமட்டம். கல்லை முதலில் கண்ணாடியின் மேல் நேராக ஊன்றி வைத்தேன். அப்புறம்தான் மணல். மணலின் மேல் கல்லை வைத்தால், வளை தோண்டுகிற இறால் ஒருநாள் கல்லைத் தன்மேலேயே சரித்துக்கொள்ளும். இறால் இருக்கிறதா என்று தெரியாமலேயே அதற்காக வைத்தேன். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் பழைய தண்ணீரை ஊற்றினோம். பிறகு டிரம்மில் இருந்த புதுத் தண்ணீர். பம்ப் ஓடியது. தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி வெள்ளை. தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்பின் வாயைப் பஞ்சால் மூடினேன். இடம் மாறின சாமந்தி சில நாள் அலையும், பம்ப் இழுத்துக்கொண்டால் சாமந்தியும் போய்விடும், தண்ணீரும் நாசமாகும். மதியம் ஒரு மணிக்குக் கலங்கல் இறங்கியபின் மீன்களை விட்டோம். பெண் கோமாளி ஒரு சுற்றுச் சுற்றி, சுருங்கிக் கிடந்த சாமந்தியைக் கண்டுபிடித்து, அதன் மேல் உடம்பை உரசிக்கொண்டே நின்றது.

அடுத்த நாட்களில் விளக்கை மங்கலாகவே வைத்தேன். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு சிட்டிகை. தினமும் இரண்டு வேளை அமோனியா பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை 0.25 காட்டியது. கை நடுங்கியது. கூடுதலாகக் கலக்கி வைத்திருந்த உப்பு நீரில் 60 லிட்டர் மாற்றினேன். நாலாம் நாள் மஞ்சள், சுத்த மஞ்சள், பூஜ்யம். கல் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டது என்று அன்றுதான் நம்பினேன். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஒரு வாரம் நுரை பொங்கி வழிந்தது, கண்ணாடியில் பழுப்புப் பாசி பிடித்தது. இரண்டும் தானாகச் சரியாகும், மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

கோபி மட்டும் தேறவில்லை. மூன்றாம் கல்லின் அடியில் மணலில் வயிற்றைப் பதித்து, வளை இல்லாத இடத்தில் காவல் நின்றது. நிறம் வெளுத்திருந்தது. தீனி எதிரில் விழுந்தாலும் எடுக்கவில்லை. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன் போய் நிற்பான். "வந்துச்சாம்மா?" என்பான். இல்லை என்பேன். எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு அடுப்படி விளக்கை அணைத்தேன். கூடத்திலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி. ஈரக் கையோடு ஓடினேன். தரையில் தண்ணீர் இல்லை. மூலைகளைத் தடவிப் பார்த்தேன், ஒட்டு எல்லாம் காய்ந்தே இருந்தது. மறுபடி "டிக்". பிஸ்டல் இறால் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடையும். அந்தக் குமிழி உடைகிற சத்தம்தான் அது.

சிவப்புக் காகிதம் ஒட்டின டார்ச்சை எடுத்து மெதுவாக அடித்தேன். மூன்றாம் கல்லின் அடியில் புதுமணல் ஒரு சின்ன மேடாகக் குவிந்திருந்தது. மேட்டுக்குப் பின்னால் ஒரு வாசல். வாசலில் கோபி, முகத்தை வெளியே வைத்துக்கொண்டு. மகனை எழுப்பிக் கூட்டி வந்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்தோம். உள்ளேயிருந்து ஒரு வாய் மணல் வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே இறால், கோபியின் மஞ்சள் வாலின் மேல் ஒற்றை மீசையை வைத்தபடி.